கந்தகப் பாதை

ஏழு நாள் சுரங்கம், ஏழு நாள் வீடு.
சுரங்கத்தில் நான் ஓட்டும் லாரிக்கு
ஏணி பிடித்துத்தான் ஏற வேண்டும்.
அதன் ஒற்றை டயர்
என்னைப்போல் இரண்டு பேர் உயரம்.
முந்நூறு டன் செம்புக்கல்லைக்
கால் பெருவிரலால் மேலேற்றுகிறவள்
இன்று பதினான்கு கிலோ சைக்கிளோடு
முழி பிதுங்கி நிற்கிறேன்.

கலாமாவிலிருந்து இருட்டோடு கிளம்பினோம்.
பிக்கப்பின் பின்னால்
இரண்டு சைக்கிளும் ஒன்றின்மேல் ஒன்று கால் போட்டுக் கிடந்தன.
நோல்பெர்த்தோ வழியெல்லாம் பேசினான்.
மூவாயிரத்து எண்ணூறு மீட்டரில்
சொற்களைச் சிக்கனம் செய்தான்.
நாலாயிரத்து இருநூறில் அடியோடு நிறுத்தினான்.
அங்கேதான் எனக்கு இந்த மலையைப் பிடிக்க ஆரம்பித்தது.

கந்தகம் இறக்கிய லாரிகள் போட்ட பாதை.
லாரிகள் போய் முப்பது வருஷம்.
மண் இன்னும் வரிவரியாய் மடிந்து கிடக்கிறது.
தகரக் கூரைமேல் ஓட்டுவதுபோல்
பல்லோடு பல் மோதுகிறது.
கடைசி கியர்.
அதற்குக் கீழே கியர் இல்லை என்று தெரியும்.
கட்டைவிரல் மட்டும் நம்பாமல்
மறுபடி மறுபடி அழுத்துகிறது.

வெயில் சுடவில்லை, தோலை உரிக்கிறது.
பாறை நிழலில் வைத்த பாட்டிலில்
தண்ணீர் ஏடு கட்டுகிறது.
மூன்று விக்குன்யாக்கள் தலை திருப்பிப் பார்த்தன.
ஒன்று கொட்டாவி விட்டது.
இல்லை என்கிறான் நோல்பெர்த்தோ.
விட்டது.

வளைவில் ஒரு கற்குவியல்.
வழிப்போக்கர்கள் மலைக்கு வைத்தவை:
கோக்கா இலை, ஆரஞ்சுத் தோல், காலிச் சாராய பாட்டில்.
நோல்பெர்த்தோவின் அம்மா கெச்சுவாக்காரி.
அவன் மூன்று இலைகளை விரித்துப் பிடித்து
ஊதி வைத்தான்.
ஊதுவதற்கு எங்கே மிச்சம் வைத்திருந்தானோ.
நான் எதையும் நம்பாதவள்.
வெறுங்கையோடு நிற்கக் கூச்சமாக இருந்ததால்
பையில் முதலில் அகப்பட்டதை வைத்தேன்:
பஞ்சர் ஒட்டும் பசை, முழுக் குழாய்.

அரைமணி நேரம்கூட ஆகவில்லை.
கந்தகக் காலத்து ஆணி ஒன்று
இத்தனை வருஷம் என் பின்சக்கரத்துக்காகக்
காத்துக் கிடந்திருக்கிறது.
அவனிடம் இருந்த ட்யூப் வேறு அளவு.
அவன் பசை போன வருஷமே கல்லாகிவிட்டது.
இருவரும் கீழே பார்த்தோம்.
பிறகு மேலே.
தள்ளினால் கணக்கில் வருமா என்றேன்.
யார் கணக்கில் என்றான்.
பத்தடி, நிற்றல். பத்தடி, நிற்றல்.
நெஞ்சுக்குள் யாரோ
பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

உச்சிக்குச் சற்றுக் கீழே தொழிலாளர் குடிசைகள்.
கூரை இல்லை. சுவரில் கரியால்
ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பந்தாட்டம்:
நாலுக்கு ஒன்று. யார் ஜெயித்தது என்று இல்லை.
அடுப்பின்மேல் சட்டி தாங்க
வட்டமாய் ஒரு இரும்பு.
குனிந்து பார்த்தேன்.
சைக்கிள் ரிம்.
ஆரங்களைக் கழற்றி
இறைச்சி வாட்டியிருக்கிறார்கள், கரி இன்னும் ஒட்டியிருக்கிறது.
எந்த அவரைதான் இந்த உயரத்தில் வெந்திருக்கும்?
முதலில் சைக்கிளோடு ஏறுகிறவள் நான்தான் என்று
ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.
சிரிப்பு வந்தது. சிரிக்க மூச்சு போதவில்லை.
சுவரைப் பிடித்துக்கொண்டு
தவணை முறையில் சிரித்தேன்.

உச்சி, மேசை போல இருபதடி சமதளம்.
தட்டையான டயரோடு ஏறி உட்கார்ந்து
ரிம் கல்லில் கடகடக்க ஓட்டினேன்.
பதினோரு மிதி. நோல்பெர்த்தோ எண்ணினான்.
உப்பளம் கீழே வெள்ளையாகக் கிடந்ததாம்,
பொலிவியா ரயில் புழு போல ஊர்ந்ததாம்.
நான் முன்சக்கரத்தைத்தான் பார்த்தேன்.

இறங்கும் வழியில்
கற்குவியலிடமிருந்து பசையைத் திரும்ப எடுத்தேன்.
பதிலுக்குப் பாதிச் சாக்லெட் வைத்தேன்.
"கடன்தான், எழுதி வைத்துக்கொள்ளும்" என்றான்.
அவன் பாதியையும் வாங்கி வைத்தேன்.

இந்தக் குளிரில் பசை பிடிக்காது.
ஒட்டிய ட்யூப்பை ஜாக்கெட்டுக்குள் விட்டு
அக்குளில் இடுக்கிக்கொண்டு
மலைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறேன்.
காற்று விட்டபாடில்லை.
ரப்பர் மெல்ல என் சூட்டுக்கு வருகிறது.
இன்னும் ஐந்து நிமிஷம் என்கிறான் நோல்பெர்த்தோ,
அதையே இரண்டு முறை சொல்லிவிட்டான்.